பதினோரு பேர் உள்ள வீடு

எறிந்த இலைகளைக் காகம் தொடவில்லை. கொல்லைப்பக்கம் சுற்றிப் போன வைதேஹியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு அடையவளஞ்சான் தெருவைத் தாண்டிக் கொள்ளிடத்தை நோக்கி இறங்கும் சந்து அது. இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டிய ஓட்டு வீடுகள். மத்தியான்னச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு கொல்லைப்புறத்திலும் எச்சில் இலை வந்து விழும். விழுந்த கணமே காகமும் நாயும் பசுவும் அதற்குச் சண்டை போடும். கடைசி வீட்டின் கொல்லைக்குப் பின்னால் மட்டும் இலைகள் குவிந்து கிடந்தன. நேற்றையது, முந்தாநாளையது, அதற்கும் முந்தியது எல்லாம் பழுத்து, கறுத்து, கூழாகி, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. மேலே கிடந்த அன்றைய இலைகளில் ஒரு பருக்கை கிடையாது. நரம்பு தெரிய நக்கியிருந்தார்கள். அந்த ஈரம் இன்னும் காயாமல், வெயிலில் எச்சில் நூல் நூலாக மின்னியது. பசு ஒன்று சந்து முனை வரை வந்து மூக்கை நீட்டியது. பிறகு பின்வாங்கித் திரும்பிப் போய்விட்டது.

தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வைதேஹி அன்றைய இலைகளை எண்ணினாள். பதினொன்று இருந்தன. வீட்டில் பதினோரு பேர் என்று வாசலில் வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை என்று நினைத்தாள். பிறகுதான் கொல்லைக் கொடியைப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு வேஷ்டி காய்ந்துகொண்டிருந்தது. புடவை இல்லை, பாவாடை இல்லை, குழந்தைத் துணி இல்லை.

பர்மா விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரங்கூன் அரிசி நின்று போய், இனி கார்டுக்கு அளந்துதான் கொடுப்பது என்று சர்க்கார் முடிவு செய்தபோது, எந்தத் தெருவில் எத்தனை வாய் இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய ஜனக்கணக்கு உதவவில்லை. குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்து வந்தவர்கள், பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள், பட்டாளத்துக்குப் போய்விட்டவர்கள் என்று ஊரே கலைந்து கிடந்தது. வீடுகள் மட்டுமே இருந்த இடத்தில் இருந்தன. ஆகவே வீடுகளை எண்ணி, பத்துக்கு ஒன்று என்று பொறுக்கிய வீட்டுக்குள் போய் ஆட்களை நேரில் பார்த்து, வீட்டுக்குச் சராசரி இத்தனை பேர் என்று கண்டுபிடித்து, மொத்த வீடுகளால் பெருக்கித் தெருவின் ஜனத்தொகையை மதிப்பிட்டார்கள். அதற்காகத் திருச்சி கன்டோன்மென்டில் ஒரு தற்காலிக ஆபீஸ் திறந்தது.

வைதேஹி காலேஜில் கணக்குப் படித்தவள். கணவன் ராணுவக் கணக்கு இலாகாவில் சேர்ந்து எகிப்துப் பக்கம் எங்கோ இருந்தான். கடிதம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. மேலச் சித்திரை வீதியில் மாமனாரோடு குடித்தனம். ஸ்ரீரங்கத்துப் பெண்டுகள் ஆண் குமாஸ்தா முன்னால் வர மாட்டார்கள் என்பதால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. சமையலறை வரை போய் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வருவாள். பெரும்பாலான வீடுகளில் ஐந்து பேர், ஆறு பேர். செத்துப்போன பாட்டனாரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, 'எங்கே அவர்' என்று கேட்டால் விழிக்கிற வீடுகளும் இருந்தன. அவளுக்கு அது பழகிவிட்டது.

கடைசி வீட்டில் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றவரின் பெயர் சாரங்கபாணி. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கையும் காலும் வற்றிக் குச்சியாக இருந்தன. வயிறு மட்டும் பானையைக் கட்டித் தொங்கவிட்டது போல முன்னால் தள்ளியிருந்தது. வீட்டில் பதினோரு பேர் என்றார். கேட்காமலே வரிசையாகச் சொன்னார்: அப்பா, அம்மா, விதவை அத்தை, ஆம்படையாள், தம்பி, தம்பி ஆம்படையாள், நாலு குழந்தைகள், தான். கடைசிக் குழந்தை கைக்குழந்தை என்றார். அவர்களைப் பார்க்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, எல்லாரும் கண்ணயர்ந்துவிட்டார்கள், இன்னொரு நாள் வாருங்கள் என்று பதவிசாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அவர் வாயிலிருந்து வந்த காற்று அவள் முகத்தில் பட்டது. பாலும் வெற்றிலையும் சொத்தைப் பல்லும் கலந்த வாடை. ஒருவர் வாயில் இத்தனை வாடை எப்படிச் சேரும்? வீடு திரும்பும் வழியெல்லாம் அது அவள் மூக்கைவிட்டுப் போகவில்லை.

ஆபீஸில் அவளுக்கு மேலே இருந்தவர் அப்துல் ரஹீம். நிதானமான மனிதர், குரலை உயர்த்தாதவர். கொடியில் ஒரு வேஷ்டிதான் இருந்தது என்று அவள் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த வீட்டைப் பதினொண்ணுன்னு எடுத்தா அந்த மாதிரிச் சந்து அத்தனைக்கும் சராசரி ஏறிடும். இல்லாத வாய்க்கு அரிசி போகும், பாலக்கரையில இருக்கிற வாய்க்கு இல்லாமப் போகும். ஆளைக் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லுங்கம்மா."

மறுபடி அவள் போன அன்று ஐப்பசி அடைமழை. பொழுது உச்சிக்கு வந்தும் விளக்கு வைக்கிற நேரம் போல இருண்டு கிடந்தது. நேரே கடைசி வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கோதைநாயகி அம்மாளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஏறினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கோதைநாயகி சமையலறையைக் காலி செய்துவிட்டு, வாசல் அறையில் அடுப்பைப் போட்டுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை ஒழுகுகிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். கடைசி வீட்டோடு ஒட்டிய சமையலறைச் சுவரைக் கண்ணால் காட்டினாள்.

சாரங்கபாணி ரங்கூனில் பெரிய கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், குடும்பத்தோடு அங்கே பத்துப் பதினைந்து வருஷம் இருந்தார், யுத்தத்தில் நடந்து தப்பி வந்தார் என்றெல்லாம் மெதுவாகச் சொன்னாள். வந்தபோது அவர் மட்டுந்தான் வந்தார். பின்னால் யாரும் வந்ததைச் சந்தில் ஒருவரும் பார்க்கவில்லை. கிணற்றடிக்கு ஒரு பெண்பிள்ளை வந்ததில்லை. கோவிலுக்கு ஒரு குழந்தை போனதில்லை.

"ஆனா மத்தியானம் ஆனா சாப்பிடற சத்தம் கேக்கறது," என்றாள். "பேச்சு ஒண்ணும் இல்லை. சாப்பிடற சத்தம் மட்டும். பல்லில்லாத வாய் மெல்லறது. யாரோ சாத்தமுதை உறிஞ்சறா. குழந்தை சப்புக் கொட்டறது. நான் இந்தப் பக்கம் சாதத்தைப் பிசைஞ்சுண்டு உக்காந்திருப்பேன். வாய்க்குக் கொண்டுபோக முடியாது."

வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

வைதேஹி கடைசி வீட்டு வாசலில் குடையை மடக்கியபோது கதவு திறந்தே இருந்தது. சாரங்கபாணி ஈர வேஷ்டியும் பன்னிரண்டு திருமண்ணுமாக, யாரையோ எதிர்பார்த்தவர் போல நின்றார்.

"வாங்கோ. தளிகை ஆயிடுத்து. இன்னிக்கு எல்லாரையும் பார்த்துடுங்கோ."

ரேழியைத் தாண்டும்போதே காலுக்கடியில் தரை ஒட்டியது. ஒவ்வொரு அடியிலும் பாதம் லேசாகப் பிடிபட்டு விடுபட்டது. பழைய சோறு புளித்த வாடை முதலில் வந்தது. அதற்கு அடியில் குழந்தை கக்கிய பாலின் வாடை. அதற்கும் அடியில், மழை ஈரத்தில் ஊறிச் சுவரிலிருந்தே கசிவது போல, இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று. மூச்சை வாயால் இழுத்துப் பார்த்தாள். நாக்கில் ருசி தட்டியது. மறுபடி மூக்காலேயே மூச்சு விட்டாள்.

கூடத்தில் மழை வெளிச்சம் சாம்பலாக விழுந்திருந்தது. முற்றத்துத் தண்ணீர் ஓட்டு விளிம்பிலிருந்து ஒழுகும் சத்தம். இரண்டு வரிசையாக இலை போட்டிருந்தது. கடைசியில் ஒரு சின்ன ஏடு, கைக்குழந்தைக்கான துண்டு இலை. மனை போட்டு, தீர்த்தம் வைத்து, ஒன்றும் குறையில்லை. வைதேஹி அறைகளைப் பார்த்தாள். ஒன்றில் பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது, இன்னொன்று காலி. அவ்வளவுதான் வீடு. சமையலுள்ளில் யாரும் இல்லை. பரணுக்கு ஏணி இல்லை.

அவர் பரிமாறத் தொடங்கினார். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, சாதத்தைக் குவித்து, குழம்பை ஊற்றினார். முதல் இலைக்குச் சாதத்தைக் குழைய மசித்துப் போட்டார். நாலாவது இலைக்குக் காரம் ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே குழம்பை விலக்கிவிட்டார். எல்லாரையும் கூப்பிடுங்கள் என்று வைதேஹி சொன்னாள்.

"கூப்பிட வேண்டாம். வாசனைக்கே வந்துடுவா," என்று சொல்லிவிட்டு அவர் முதல் இலையில் உட்கார்ந்தார்.

கன்னம் உள்ளே போயிற்று.

அவர் கன்னத்தை உறிஞ்சி இழுக்கவில்லை. பற்கள் அத்தனையும் விழுந்துவிட்டது போல, தாடை தானாக மடிந்து மூக்கை நோக்கி ஏறியது. ஈறால் அழுத்தி, அரைத்து, உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் உள்ளே தள்ளி, எண்பது வயதுக் கிழவர் சாப்பிடுவதைப் போலச் சாப்பிட்டார். கழுத்துச் சதை ஆடியது. இலையை நக்கினார். நக்கி முடித்து, கை அலம்பாமல், அடுத்த இலைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இப்போது முதுகு நிமிர்ந்தது. சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, உதட்டில் படாமல் உயர்த்தி வாயில் போட்டுக்கொண்டாள். வைதேஹி மனத்துக்குள் திருத்தினாள். போட்டுக்கொண்டார்.

மூன்றாவது இலை. நாலாவது. நாலாவதில் சாப்பிடுமுன் யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் சுற்றிப் பார்த்தார். இடது கை தானாக எழுந்து, இல்லாத தலைப்பை மார்பில் இழுத்துவிட்டுக்கொண்டது. ஐந்தாவதில் சாத்தமுது ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். முழங்கை வரை வழிந்தது. நாக்கு முழங்கையிலிருந்து மேலே வந்தது. வயிறு ஒவ்வொரு கவளத்துக்கும் அசைந்தது. விழுங்கியது உள்ளே இறங்குகிற அசைவாக அது தோன்றவில்லை. உள்ளேயிருந்து முட்டிக்கொண்டு வருகிற அசைவு.

வெளியே போய்விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பார்வை இலையில் மாட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகளின் இலைக்கு அவர் வந்திருந்தார். அவருடைய விரல்கள் நீளம். முட்டி முட்டியாக எலும்பு தெரிகிற விரல்கள். அந்த விரல்கள் சாதத்துக்குள் போய் வந்த இடத்தில் விழுந்த தடம் சின்னதாக இருந்தது. ஐந்தாறு வயதுக் குழந்தையின் கை.

சின்ன ஏட்டுக்கு வருமுன் அவர் நின்றார். முகம் தளர்ந்து, களைத்துப் போன ஒரு நடுவயது மனிதரின் முகமாயிற்று. மூச்சு வாங்கினார். உட்கார்ந்தபடியே அவளிடம் பேசினார். ரங்கூனை விட்டுப் பதினோரு பேராகக் கிளம்பியதையும், மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டதையும், கொண்டுவந்த அரிசி தீர்ந்ததையும் சொன்னார். முதலில் அப்பா ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. மறுநாள் அம்மா. பிறகு ஒவ்வொருத்தராக. குரலில் அழுகை இல்லை. வழித்துணை வந்தவர்கள் பிணத்தை அப்படியே போட்டுவிட்டு நடக்கச் சொன்னார்களாம்.

"விட்டுட்டு வரலாமோ? நரி இழுத்துண்டு போயிடும். நான் ஒருத்தரையும் விடலை. எல்லாரையும் கொண்டுவந்துட்டேன்."

எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் ஈரக் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"அப்போ எனக்குப் பசி. இப்போ அவாளுக்குப் பசி."

வைதேஹிக்கு அந்தச் சொல் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்தபோது பார்வை அவர் வாயிலிருந்து உடம்புக்கு இறங்கியது. பன்னிரண்டு திருமண் இட்ட உடம்பு. மீன் விற்கிற தெருப் பக்கமே போகாத குலம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் ஈரமாக இருந்தது. கையை எடுத்தாள்.

"பதினொண்ணுன்னு எழுதுங்கோ," என்றார் அவர். "அரிசி குறைஞ்சா இவா எங்கே போவா?"

பிறகு சின்ன ஏட்டின் முன் உட்கார்ந்தார். குழைந்த சாதத்தை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்து மென்றார். வெகுநேரம் மென்றார். விழுங்கவில்லை. வாயைத் திறந்து, வெள்ளைக் கூழாகிவிட்ட சாதத்தை நாக்கின் மேல் ஏந்திக்கொண்டு, அப்படியே காத்திருந்தார்.

நாக்குக்கு அடியில் ஏதோ அசைந்தது.

சின்னதாக. ரோஜா நிறத்தில். ஈரமாக. அது மேலே வந்தது. கூழைத் தொட்டது. இழுத்துக்கொண்டது. சப்புக் கொட்டியது.

வைதேஹி ஓடினாள்.

சந்து முனையில் குனிந்து வாந்தியெடுத்தாள். வெறும் பித்தம் வரும்வரை எடுத்தாள். மழைநீரில் அது கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடை அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்காக அவள் திரும்பிப் போகவில்லை.

அன்று ராத்திரி மாமனாருக்குச் சாதம் போட்டுவிட்டு, அவர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் வாசலில் போய் நின்றாள். தன் இலையில் உட்கார்ந்தபோது வாய்க்குள் தன் நாக்கு கிடப்பது தெரிந்தது. இதுவரை அது அங்கே கிடப்பதை அவள் உணர்ந்ததே இல்லை. வழவழவென்று, கனமாக, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிராணி போல. மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் ஆபீஸில் அப்துல் ரஹீம் கேட்டபோது, ஒருவர்தான் என்றாள். நன்றாகப் பார்த்தீர்களா, மற்றவர்கள் வெளியூர் எங்காவது போயிருப்பார்களோ என்று அவர் இரண்டு முறை கேட்டார். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தின் சோறு விஷயம் என்பதால் கேட்டார். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஆனால் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். உதட்டை அதிகம் விலக்காமல் சொன்னாள்:

"ஒருத்தர்தான் சார். வேற யாரும் இல்லை."

அவர் தலையசைத்து அப்படியே எழுதிக்கொண்டார். சந்தின் சராசரி மற்ற சந்துகளோடு ஒத்து வந்தது. கணக்கு சரியாயிற்று. பாலக்கரைக்குப் போக வேண்டிய அரிசி பாலக்கரைக்குப் போயிற்று. அவள் செய்தது நியாயமான காரியம் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் இரவில் விழிப்புக் கொடுக்கும்போதெல்லாம், ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுகிறபோது எதை எண்ணுகிறோம், ஆளையா வாயையா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கார்டு வந்த பிறகு நடந்ததைக் கோதைநாயகிதான் சொன்னாள். மார்கழி பிறந்து அம்மாமண்டபப் படித்துறையில் குளித்துவிட்டு நின்றபோது, ஈரத் தலையோடு வைதேஹியின் கையைப் பிடித்துப் படியோரமாக இழுத்துக்கொண்டு போனாள். சாரங்கபாணிக்கு ஒருத்தருக்கான அரிசிதான் அளந்தார்கள். அது வந்த வேகத்தில் தீர்ந்தது. அவர் வீடு வீடாகப் போய், வாசற்படிக்குக் கீழே நின்று, குழந்தைகளுக்காவது கொடுங்கள் என்று கேட்டார். யார் வீட்டிலும் மிச்சம் இல்லை. இருந்தவர்களும் அந்த வாய் நாற்றத்துக்குக் கதவைச் சாத்தினார்கள். பிறகு அவர் வெளியே வரவில்லை. கொல்லையில் இலை விழவில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று வைதேஹி கேட்டாள்.

கோதைநாயகி காவேரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அரிசி கிடையாது. அடுப்பு புகையலை. ஆனா அந்தச் சத்தம் மட்டும் நிக்கலை. மத்தியானம் மட்டும்னு இல்லை இப்போ. எந்நேரமும்."

வைதேஹி அன்று வேலைக்குப் போனாள். எந்தக் கணக்கும் ஓடவில்லை. திரும்பி வந்து தன் வீட்டு அரிசியில் பாதியைத் துணிப்பையில் கொட்டினாள். மாமனாரிடம் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. தன் வார்த்தையால்தான் அந்த வீட்டுக்கு அரிசி நின்றது என்பது ஒன்று. அந்தச் சத்தம் நின்றுவிட்டது என்று தெரிந்தால்தான் தன்னால் மறுபடி ஒரு கவளம் விழுங்க முடியும் என்பது இன்னொன்று. இரண்டில் எது தன்னை நடத்திக்கொண்டு போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சந்துக்குள் திரும்பியபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்து மணலிலிருந்து குளிர் காற்று வந்தது. கோதைநாயகி வீடு பூட்டியிருந்தது. எதிர் வீடும் பூட்டியிருந்தது. சந்தே காலியாகிவிட்டது போல இருந்தது.

கதவு தள்ளியதும் திறந்தது.

உள்ளேயிருந்து வந்த வாடையில் புளிப்பு இல்லை, பால் இல்லை. அடியில் முன்பு ஒளிந்திருந்ததே இப்போது தனியாக மேலே வந்திருந்தது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. சத்தமும் இல்லை. நின்றுவிட்டது. அந்த நிம்மதியில் அவளுக்குக் கண் நிறைந்தது. அரிசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று எண்ணினாள். சமையலுள் கதவோரம் ஒரு கால் நீட்டியிருந்தது தெரிந்தது.

சாரங்கபாணி அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இல்லை. திறந்த கண்ணின் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இமை அசையவில்லை. செத்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். வயிறு வற்றி முதுகோடு ஒட்டியிருந்தது.

முன்னங்கையில் சதை இல்லை.

அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். பார்த்தாள். தோள். விலா. தொடை. கடித்த தடங்கள். அகலமான வாய். குறுகலான வாய். முன்பல் விழுந்த குழந்தையின் வாய். பல்லே இல்லாமல் ஈறு மட்டும் பதிந்து, கன்றிப் போன வட்டம் ஒன்று. பிடரியில் ஒன்று இருந்தது. எந்த மனிதனும் தன்னைத்தானே கடித்துக்கொள்ள முடியாத இடத்தில்.

சில தடங்களில் ரத்தம் இன்னும் உறையவில்லை.

கையிலிருந்து பை நழுவியது. அரிசி சிந்தியது. வெறும் தரையில், சரசரவென்று, மெல்லிய சத்தம்.

செத்தவரின் தொண்டை ஏறி இறங்கியது.

வைதேஹி அசையவில்லை.

தலை சாய்ந்தபடியே இருந்தது. கண் எறும்போடு அப்படியே இருந்தது. தாடை மட்டும் மெதுவாக விலகியது. விலகிக்கொண்டே போனது. உதடு ஓரங்களில் கிழிந்தது. உள்ளே நாக்கு இல்லை. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், தொண்டைக்குழி வரை, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, சின்னதும் பெரியதுமாக, ஈரமாக, வாய்கள் திறந்தன.